தங்கித் தைக்கும் முகாமா, மாதக் கூடலா, வீட்டுத் தனிமையா? க்வில்ட் தைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சென்னையில் வெயில் தணியத் தொடங்கும்போதே டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கான க்வில்டிங் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துப் போர்வை தைப்பது) முகாம்களைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ புதுச்சேரியிலோ ஏலகிரியிலோ ஒரு விடுதியில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, சமையல் இல்லாமல், வீட்டு வேலை இல்லாமல், காலை முதல் இரவு வரை தைத்துக்கொண்டே இருக்கலாம் என்பது கேட்பதற்கே இனிமையாகத்தான் இருக்கிறது. இருந்தும், பணம் கட்டுவதற்கு முன்பு பலர் தயங்கி நிற்கிறார்கள். "எனக்குக் கூட்டம் ஒத்துவராது. ஆனால் போகாவிட்டால் எதையோ தவறவிடுவேன் போலிருக்கிறது" என்பது ஒரு தரப்பு. "வீட்டில் தனியாகத் தைத்து அலுத்துவிட்டது. ஆனால் முன்பின் தெரியாதவர்களோடு மூன்று நாள் எப்படி இருப்பேன்?" என்பது இன்னொரு தரப்பு.

தங்கும் முகாம் எல்லோருடைய சுபாவத்துக்கும் பொருந்தாது என்பதே என் கருத்து. பொருந்தாதவர் எந்த வகையிலும் குறைந்தவர் இல்லை. அதே சமயம், "நான் கூச்ச சுபாவி", "நான் கலகலப்பானவள்" என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்தாலும் கணக்கு பிசகும். க்வில்ட் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஏழெட்டு வேலைகளின் தொகுப்பு. வண்ணங்களைத் தேர்ந்து வடிவம் தீர்மானிக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் அதே பெண்மணி, ஓரப்பட்டியைக் கையால் தைக்கும்போது பேச்சுத்துணையைத் தேடுவார். ஆகவே, நாம் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியோடு எந்த வேலையைக் கையில் எடுத்துப் போகிறோம் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. துணி தேர்வது, வெட்டுவது, துண்டுகளை இணைத்து மேல்துணியை உருவாக்குவது, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சை வைத்து அடுக்குவது, மூன்றையும் சேர்த்துத் தைப்பது, கடைசியில் ஓரம் கட்டுவது ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு கவனத்தைக் கேட்கிறது. துண்டுகளை இணைக்கும்போது கால் அங்குலம் விளிம்பு விட்டுத் தைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வரிசையில் 9 துண்டுகள் என்றால் 8 தையல்கள் வரும். ஒவ்வொரு தையலிலும் விளிம்பு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால், தையலின் இரு பக்கத் துண்டுகளிலும் அந்த அளவு குறைகிறது. ஆகவே ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு, 8 தையல்களுக்கு ஒரு முழு அங்குலம் என்று வரிசை குறுகிப்போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசகு, வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேளையில்தான் வெளிப்படும். பக்கத்து மேசையில் சுவையான பேச்சு நடக்கும்போது இந்த வேலையைச் செய்ய முடிகிறவர்கள் இருக்கிறார்கள், முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

அடுக்கிப் பிணைக்கும் வேலை இதற்கு நேர்மாறானது. 60-க்கு 90 அங்குலத்தில் ஒரு போர்வையைத் தரையில் விரித்து, அடித்துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, பஞ்சைப் பரப்பி, மேல்துணியை நேராக்கி ஊக்கு குத்துவதைத் தனியாளாகச் செய்தால் முழங்காலும் முதுகும் விட்டுப்போகும். மூலைக்கு ஒருவர் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த க்வில்டுகள் 2002-இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றன. அவர்களுடைய வழக்கம் இங்கே கவனிக்கத்தக்கது: மேல்துணியை அவரவர் தம் வீட்டில், தம் மனம்போல இணைப்பார்கள், பிறகு அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க ஒன்றுகூடுவார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையிலும், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி நகரும் வேலையை ஒருத்தி தனியாகவும் செய்யலாம், சிலர் சுற்றி அமர்ந்தும் செய்யலாம். பழைய துணிகளை அடுக்கி ஓட்டுத்தையலிடும் வங்காளத்துக் காந்தா பெரும்பாலும் வீட்டு வேலைகளுக்கு இடையே ஓய்வு நேரத்தில் தனியொருத்தியின் கையில் வளர்ந்தது. தனியாகத் தைப்பதும் கூடித் தைப்பதும் இந்தக் கலையில் ஒன்றுபோலப் பழமையானவை.

இரண்டாவது அளவுகோல், பிறர் முன்னிலையில் நம் கை எப்படி நடந்துகொள்கிறது என்பது. அமெரிக்க உளவியலாளர் நார்மன் ட்ரிப்லெட் 1898-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு நேரடியாகவே பயன்படும். ஏனென்றால் அதுவும் ஒரு கைவேலையைப் பற்றியது. மீன்பிடிக்கும் தூண்டிலின் சுருளைத் தனியாகவும், இன்னொரு குழந்தையோடு போட்டியிட்டும் சுற்றச் சொல்லி 40 குழந்தைகளைக் கவனித்தார். 20 குழந்தைகள் மற்றவர் இருக்கும்போது வேகமாகச் சுற்றினார்கள், 10 பேர் பதற்றமடைந்து மெதுவானார்கள், மீதி 10 பேரிடம் பெரிய மாற்றமில்லை. 1965-இல் உளவியலாளர் ராபர்ட் ஸாயோன்ஸ் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: பிறர் உடனிருக்கும்போது நன்கு பழகிய வேலை மேலும் நன்றாக வருகிறது, இன்னும் பழகாத வேலை தடுமாறுகிறது. முகாமுக்கு எதை எடுத்துப் போகலாம், எதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டுதலை நான் கண்டதில்லை. அந்த 40 குழந்தைகளில் நாம் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் நாமேதான் அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, களைப்பு எப்படித் தீர்கிறது என்பது. உறவினர் கல்யாணத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பும் மாலையை நினைத்துப் பாருங்கள். வந்ததும் நான்கு பேரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததையெல்லாம் பேசத் தோன்றுகிறதா, அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளத் தோன்றுகிறதா? கல்யாணம் இரண்டு பேருக்குமே பிடித்திருக்கலாம். ஆனால் இரண்டாமவருக்கு முகாமின் மூன்றாம் நாள் கடினமாகத்தான் இருக்கும்.

நான்காவது, உடலும் வெளிச்சமும் மேசையும். ஐந்தாவது, பணமும் வீட்டுப் பொறுப்பும். இவ்விரண்டையும் அந்தந்த வழியோடு சேர்த்தே பார்ப்பது நல்லது, ஏனென்றால் மறைந்திருக்கும் செலவுகள் எல்லாம் இவற்றுக்குள்தான் இருக்கின்றன.

## வழி 1: தங்கித் தைக்கும் முகாம்

முகாமின் உண்மையான கொடை, தொடர்ச்சியான நேரம். மிக்சி சத்தமும் காலிங் பெல்லும் பால் கணக்கும் இல்லாத ஒரு முழு நாள் கிடைப்பது, குடும்பத்தை நடத்திக்கொண்டே தைக்கிற யாருக்கும் சாதாரண விஷயமில்லை. பாதியில் நிற்கும் வேலைகளை முடிப்பதற்கு இது மிகவும் ஏற்றது. சுற்றிலும் எல்லோரும் தைத்துக்கொண்டிருக்கும்போது, வீட்டில் ஆறு மாதமாகத் தொடாத பையைத் திறக்கத் தனி மனவுறுதி தேவைப்படுவதில்லை. கற்றலும் வேறு விதமாக நடக்கிறது. மடிப்பு மூலையில் ஓரப்பட்டியை எப்படித் திருப்புவது என்பதைக் காணொலியில் பத்து முறை பார்த்தும் பிடிபடாத ஒருவருக்கு, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தன் விரலால் ஒருமுறை மடித்துக் காட்டினால் போதுமாகிவிடுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளியூர் சென்றபின் வீடு வெறிச்சோடிப் போனவர்கள், துணையை இழந்தவர்கள் ஆகியோருக்கு இந்த மூன்று நாள் தையலைக் காட்டிலும் பெரிய ஒன்றைத் தரக்கூடும். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இனி, அழைப்பிதழில் இல்லாத விஷயங்களுக்கு வருவோம்.

முதலாவது மின்சாரம். விடுதிகளின் கூடங்கள் கூட்டம் நடத்துவதற்காக அமைக்கப்பட்டவை. ஒரு சாதாரண 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நம் 230 வோல்ட் இணைப்பில் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரே 16 ஆம்பியர் சுற்றில் நான்கு பெட்டிகள் ஒரே நேரத்தில் சூடேறினால் தாங்காது, அதே சுற்றில் ஏ.சி.யும் இருந்தால் இரண்டே பெட்டிகளுக்கும் இடம் கஷ்டம். கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் நான் தைத்துக்கொண்டிருந்தபோது, எவரேனும் மூன்றாவது பெட்டியை இயக்கினாலே கூடம் முழுவதும் இருண்டுவிடும். பணியாளர் வந்து சுவிட்சை மேலே தள்ளும்வரை அத்தனை மெஷின்களும் பாதித் தையலில் நிற்கும். பொறுமைசாலிகள் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்தார்கள். நேரத்தைக் கணக்கிட்டுத் தைப்பவர்களுக்கு அது பெரும் எரிச்சலாக இருந்தது. சுபாவ வேறுபாடு இத்தகைய சின்னச் சின்ன இடங்களில்தான் வெளிப்படுகிறது.

இரண்டாவது வெளிச்சம். விடுதிகளில் பெரும்பாலும் மஞ்சள் விளக்குகள்தான் இருக்கும். அந்த ஒளியில் வெள்ளையும் சந்தன நிறமும் ஒன்றாகத் தெரியும், கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். இரவு பத்து மணிக்கு அங்கே வண்ணம் தேர்ந்து அடுக்கியவர்கள் காலை வெயிலில் அதை மறுபடி கலைத்து அடுக்க நேரிடும். மூன்றாவது மேசை. சாப்பாட்டு மேசை சுமார் 30 அங்குல உயரம் இருக்கும். அதன் மேல் தையல் மெஷினை வைத்துவிட்டால் கை இன்னும் உயரத்தில் இருக்க வேண்டியிருப்பதால், பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து நாள் முழுவதும் தைப்பவருக்குத் தோளும் கழுத்தும் வலிக்கும். ஒரு தடித்த தலையணையை உடன் எடுத்துச் செல்வது இந்தப் பிரச்சினையைப் பாதியாகக் குறைக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டணம் ஒரு பகுதி மட்டுமே. மெஷினைத் தூக்கிக்கொண்டு ரயிலிலோ பேருந்திலோ போக முடியாது என்பதால் காரோ டாக்ஸியோ தேவைப்படும். தனி அறை கேட்டால் கட்டணம் கூடும். மற்றவர்களின் துணிகளைப் பார்த்தபின் நமக்கும் வாங்கத் தோன்றும். முகாமுக்கு முந்தைய வாரம் கோடவுன் தெருவுக்கும் தி.நகருக்கும் அலைந்து, தேவைக்கு இரண்டு மடங்கு துணி வாங்கி வருபவர்கள் பலர். வீட்டில் முதியவரையோ குழந்தையையோ கவனித்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் முகாமின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மனத்தின் செலவு வேறு. பெரும்பாலான முகாம்களில் கடைசி மாலையில் அவரவர் வேலையை விரித்துக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. சிலருக்கு அதுதான் முகாமின் உச்சம். வேறு சிலருக்கு, தம்முடைய நாற்பது துணிக் கட்டங்களை அடுத்தவருடைய முழுப் போர்வைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்த நிமிடம் பல மாதங்களுக்கு மறக்காது. இவர்கள் நல்ல தையற்காரர்கள். வீட்டில் யாரோடும் ஒப்பிடாமல் தைத்தபோது மகிழ்ச்சியாக இருந்தவர்கள். திரும்பி வந்தபின் மெஷினைத் தொடாமலே இருந்துவிடுகிற அபாயம் இவர்களுக்குத்தான் அதிகம் என்பதால், முகாமை எல்லோருக்குமான பரிசாகச் சொல்லும் பேச்சை நான் ஏற்பதில்லை.

## வழி 2: மாதம் ஒருமுறை பகல்நேரக் கூடல்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையிலோ, ஒரு தோழியின் கூடத்திலோ, துணிக்கடையின் வகுப்பறையிலோ ஐந்தாறு பேர் காலை பத்து மணிக்குக் கூடி மாலை ஐந்து மணிக்குக் கலைவது இந்த வகை. முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவைப் போன்ற கைவினை மையங்கள் நடத்தும் ஒருநாள் பயிலரங்குகளையும் ஏறத்தாழ இதோடு சேர்க்கலாம், அங்கே சொல்லித்தருவதைத்தான் செய்ய வேண்டும் என்ற வேறுபாடு இருந்தாலும்.

இதன் பெரிய பலம், இரவு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது. கூட்டம் பிடிக்கும், ஆனால் கூட்டத்திலேயே உறங்கி எழ முடியாது என்ற சுபாவம் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு, அவர்களுக்கு இதுவே உகந்தது. அடுக்கிப் பிணைக்கும் வேலைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. இந்த மாதம் ஒருவருடைய போர்வை, அடுத்த மாதம் இன்னொருவருடையது என்று முறைவைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் யாரும் தனியாக முழங்காலிட வேண்டியிருக்காது. ஒரே முகங்களை மாதாமாதம் பார்ப்பதால், நம் வேலையின் வளர்ச்சியை அறிந்தவர்களின் கருத்து கிடைக்கிறது. மூன்று நாள் அறிமுகத்தில் கிடைக்கும் பாராட்டைவிட அதற்கு எடை அதிகம்.

குறைகளும் தெளிவானவை. ஏழு மணி நேரத்தில் மெஷினை ஏற்றி இறக்கி, சாப்பிட்டு, பேசி முடித்தபின் தையலுக்கு மிஞ்சுவது மூன்று மணி நேரம்தான். தாம்பரத்திலிருந்து அண்ணாநகர் போய்வர வேண்டுமென்றால் அதுவும் குறையும். யார் வீட்டில் கூடுவது என்பதில் காலப்போக்கில் ஒரே ஒருவர் மீது சுமை விழுகிறது. அவர் வீட்டில் தைப்பவர் அவராக இருக்க மாட்டார், சாம்பார் வைத்துக்கொண்டிருப்பார். இதைத் தொடக்கத்திலேயே பேசி, கட்டுச்சாதம் கொண்டுவருவது என்று வைத்துக்கொண்ட குழுக்கள் நீடிக்கின்றன. பேசாத குழுக்கள் ஓராண்டுக்குள் கலைந்துவிடுகின்றன.

இந்தக் கூடலுக்கு மெஷினைக் கொண்டுபோகாமல் கைத்தையல் வேலையை மட்டும் எடுத்துப் போவது, நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் யோசனை. ஓரப்பட்டியின் உள்பக்கத் தையல், ஒட்டுத்துணி வேலை, காந்தா ஓட்டம் ஆகியவற்றுக்கு ஒரு சின்னப் பை போதும், மின்சாரம் வேண்டாம், கண்ணை எடுத்துப் பேசலாம், பேச்சில் மூழ்கினாலும் தையல் கெடாது.

## வழி 3: வீட்டிலேயே தனித் தையல் நாட்கள்

வீட்டில் யாரும் இல்லாத இரண்டு நாட்களைத் தேர்ந்தோ, இருப்பவர்களிடம் சொல்லிவைத்தோ, முகாமுக்குரிய ஒழுங்கோடு வீட்டிலேயே தைப்பது இது. வழக்கம்போல நேரம் கிடைக்கும்போது தைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நாள் குறித்து, சமையலை முன்கூட்டியே முடித்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அமர்ந்தால் மட்டுமே இதை முகாமோடு ஒப்பிட முடியும்.

வடிவமைப்பதற்கும் வெட்டுவதற்கும் புதிய நுட்பத்தை முதன்முதலாகப் பழகுவதற்கும் இதுவே தலைசிறந்த வழி. ஸாயோன்ஸ் சொன்ன பழகாத வேலை என்பது இவைதான். கூரிய வட்டத் தகடுள்ள ரோட்டரி கட்டரைக் கையில் பிடித்திருக்கும்போது பின்னாலிருந்து யாரும் "என்ன தைக்கிறீர்கள்?" என்று கேட்க மாட்டார்கள். அது விரலுக்கும் நல்லது, துணிக்கும் நல்லது. வெட்டிய கட்டங்களைச் சுவரிலோ கட்டிலிலோ பரப்பி, ஒருநாள் முழுவதும் போகிற வருகிற போதெல்லாம் பார்த்து, காலை வெளிச்சத்தில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மாற்றி அடுக்கும் சுதந்திரம் எந்த விடுதியிலும் கிடைக்காது. ஒரு வண்ணம் பிசகாக இருக்கிறது என்று நமக்கு உள்ளுக்குள் தெரியவரும் அந்த நிதானமான கணம், பத்துப் பேர் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும் இடத்தில் நழுவிப்போய்விடுகிறது. தம் கண்ணை நம்பக் கற்றுக்கொண்டிருக்கும் தொடக்கநிலையாளர்களுக்கு இது மிகவும் முக்கியம். மற்றவர்களின் அன்பான கருத்துகளுக்குள் தம் ரசனை எது என்பதையே அவர்கள் கண்டுபிடிக்காமல் போய்விடக்கூடும்.

மறைசெலவு இங்கேயும் உண்டு. சென்னை வீடுகளில் தனித் தையல் அறை என்பது அரிது, எனவே சாப்பாட்டு மேசைதான் தையல் மேசை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் மெஷினை இறக்கி, கட்டிங் மேட்டைச் சுருட்டாமல் தட்டையாகவே அலமாரிக்குப் பின்னால் செருகி, அடுக்கிவைத்த கட்டங்களை வரிசை மாறாமல் தட்டுகளில் எடுத்துவைத்து, பிறகு எல்லாவற்றையும் மறுபடி விரிக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று முறை இதைச் செய்பவருக்குப் போகும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், முகாம் கட்டணம் அவ்வளவு அதிகமாகத் தோன்றாது. அடுத்தது, வீட்டில் இருப்பவர் ஓய்வில் இருப்பவர் என்ற பொதுவான எண்ணம். "சும்மா தையல்தானே, ஒரு நிமிஷம் வா" என்ற அழைப்புக்கு மறுப்புச் சொல்ல முடியாத வீடுகளில் தனித் தையல் நாள் என்பது பெயருக்குத்தான் இருக்கும். அங்கே வீட்டை விட்டு வெளியேறுவது ஒன்றே வழி. கூச்ச சுபாவிகள்கூட முகாமையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இது ஒன்றுதான் என்பேன்.

மூன்றாவது, பிழை கண்டுபிடிக்க ஆள் இல்லாதது. மேல்நூலின் இழுவிசை தளர்ந்திருந்து அடித்தையல் முழுவதும் கண்ணி கண்ணியாகத் தொங்குவதை, தனியாகத் தைப்பவர் போர்வையைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் அறிவார்.

## வழி 4: காணொலி அழைப்பில் கூடித் தைப்பது

கோவிட் காலத்தில் பரவிய இந்த வழக்கம் இன்னும் பலரிடம் தொடர்கிறது. செலவு ஏதுமில்லை, வெளிநாட்டில் இருக்கும் தோழியும் சேர்ந்துகொள்ளலாம், போதும் என்று தோன்றும்போது விடைபெற்றுவிடலாம். கூட்டத்தில் சோர்ந்துபோகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் மூலையைப் பிடிக்க கை கிடைக்காது, துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது, திரையில் வண்ணம் சரியாகத் தெரியாது. துணைக்கு நல்லது, உதவிக்கு ஆகாது.

## ஒரே பார்வையில்

| | தங்கும் முகாம் | மாதக் கூடல் | வீட்டுத் தனிமை | காணொலி |
|---|---|---|---|---|
| மிகவும் ஏற்ற வேலை | பாதியில் நின்றதை முடிப்பது, பழகிய கட்டங்களை இணைப்பது | அடுக்கிப் பிணைப்பது, கைத்தையல் | வடிவமைப்பு, வெட்டு, புதிய நுட்பம் | ஓரம் கட்டுவது, கைத்தையல் |
| தவிர்க்க வேண்டியது | வண்ணத் தேர்வு, முதல்முறைச் சோதனை | பெரிய மெஷின் வேலை | பெரிய போர்வையை அடுக்குவது | உதவி தேவைப்படும் எதுவும் |
| மறைசெலவு | போக்குவரத்து, கூடுதல் துணி, வீட்டுக்கு மாற்று ஆள், ஒப்பீட்டுச் சோர்வு | பயண நேரம், விருந்தோம்பல் சுமை | எடுத்துவைத்து விரிக்கும் நேரம், இடையூறு | வண்ணப் பிசகு |
| யாருக்குக் கடினம் | தனியே இருந்துதான் களைப்பு தீரும் என்பவர்களுக்கு | நீண்ட தொடர் நேரம் வேண்டுபவர்களுக்கு | துணையில்லாமல் வேலையைத் தொடங்க முடியாதவர்களுக்கு | திரை முன் சோர்பவர்களுக்கு |

## யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

தைக்கத் தொடங்கி ஓராண்டுக்குள் இருப்பவர்கள் மாதக் கூடலில் தொடங்குவது நல்லது. கேள்வி கேட்க ஆள் கிடைக்கும், கற்றதை வீட்டில் தனியாகச் செய்துபார்க்க இடைவெளியும் கிடைக்கும். பாதியில் நிற்கும் வேலைகள் பெட்டி நிறைய இருந்தால், எந்தச் சுபாவமாக இருந்தாலும் வாழ்வில் ஒருமுறையாவது தங்கும் முகாமை முயன்று பார்க்கலாம், ஆனால் அந்த வேலைகளை மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வடிவத்தை உருவாக்கும் நிலையில் இருப்பவர்கள், அது மனத்தில் உறுதிப்படும்வரை யாருக்கும் காட்டாமல் வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கலகலப்பானவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. முகாமில் மிகவும் மகிழ்ந்து, மிகக் குறைவாகத் தைத்துத் திரும்புபவர்கள் அவர்கள்தான். மகிழ்ச்சிதான் நோக்கம் என்றால் குறையொன்றுமில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்குள் போர்வையை முடிப்பது நோக்கமென்றால் அவர்களுக்கு வீட்டுத் தனிமையே மேலானது.

கூட்டம் கடினம், வீட்டிலும் நேரம் கிடைக்காது என்ற இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு. முகாமில் பகலில் மட்டும் கலந்துகொள்ள அனுமதி கேட்கலாம், அல்லது தனி அறை எடுத்துக்கொண்டு, சுவரோரத்து மேசையைக் கேட்டுப் பெற்று, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தைக்கலாம். "காலையில் நான் பேசாமல் தைப்பேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கலந்துகொள்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் ஒதுங்கி இருக்கும்போதுதான் மற்றவர்கள் என்னவோ ஏதோ என்று நினைக்கிறார்கள்.

## முன்பணம் கட்டுவதற்கு முன்பு

முகாமைத் தேர்ந்தெடுப்பவர்கள் நடத்துபவரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே வடிவத்தைத் தைக்க வேண்டுமா, அவரவர் வேலையைக் கொண்டுவரலாமா என்பது முதல் கேள்வி. சுபாவத்துக்குப் பொருந்துமா என்பதைப் பாதிக்கு மேல் இதுவே தீர்மானித்துவிடும். ஒருவருக்கு ஒரு முழு மேசை உண்டா, இருவருக்கு ஒன்றா? இஸ்திரிக்கென்று தனி மின்சுற்று இருக்கிறதா? வெள்ளை விளக்கு உண்டா, அல்லது நம் மேசை விளக்கைக் கொண்டுவர வேண்டுமா? அறையை யாரோடு பகிர்கிறோம் என்பதை முன்பே சொல்வார்களா? இரவில் கூடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், விடியற்காலையில் எழுந்து தைப்பவர்கள் உள்ளே போகலாமா? வேலையைக் காட்டும் நிகழ்வு விருப்பத்தின் பேரிலானதா? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேதி வைத்திருந்தால், புயல் எச்சரிக்கையால் ரத்தாகும்போது பணம் திரும்பி வருமா, அடுத்த முகாமுக்கு மாற்றுவார்களா? திரும்பி வர சொந்த வண்டி இருப்பதும் நல்லது, இரண்டாம் நாள் மாலையிலேயே போதும் என்று தோன்றினால் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பிவிடலாம்.